கவுஞ்சி வீட்டில் வாயடைத்துக் கிடந்த மெஷின்

1. முடியாது என்று சொன்ன வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற மெஷினை நான் சரிபண்ணவில்லை. முடியாது என்று சொன்னதுதான் அன்றைக்கு நான் பார்த்த வேலை. கடைக்குத் தொழில் கற்க வருகிற பிள்ளைகள், "அக்கா, நீங்க பாத்ததுலயே கஷ்டமான ரிப்பேர் எது?" என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். கேட்டவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். ஒரு ஐ.சி.யைக் கழற்றி இன்னொன்றை ஒட்டின சாகசக் கதையை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அதற்கெல்லாம் வீடியோ கிடக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும்.

கொடைக்கானல் பஜாரில் எலக்ட்ரானிக் போர்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பழனி. ஒரு டி.வி. மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கை எனக்குத்தான் நிதானம் என்று அவரே ஒருநாள் ஒத்துக்கொண்டு மேஜையை விட்டுக்கொடுத்தார். இப்போது அவர் வெளிவேலை, நான் மேஜை. வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது.

முன்பெல்லாம் கடைக்கு வந்தது டி.வி.யும் டேப் ரெக்கார்டரும். இப்போது வருகிறதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். மண்டியிலிருந்து எடை மெஷின், லாட்ஜிலிருந்து கார்டு பூட்டு, பால் சொசைட்டியிலிருந்து பால் டெஸ்ட் பண்ணுகிற பெட்டி, தோட்டத்திலிருந்து காட்டெருமைக்குப் போடுகிற கரண்டு வேலியின் பெட்டி, யாரோ ஒரு குழந்தையின் பாடுகிற கரடி பொம்மை. எல்லாவற்றின் வயிற்றிலும் நகத்தளவுக்கு ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அது எடை பார்க்கிறது, சூடு பார்க்கிறது, ஆள் யார் என்று பார்க்கிறது. மனிதர்கள் அதை வேலைக்கு வைத்த ஆளைப் போல நடத்துகிறார்கள். சொன்னபடி கேட்டால் கெட்டிக்காரன், பிடிக்காததைச் சொன்னால் தலையில் ஒரு தட்டு. "அக்கா, இது பொய் சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே கடை ஏறுகிறவர்கள்தான் பாதிப் பேர். மீதிப் பேர், "அந்தச் சத்தத்த மட்டும் கட் பண்ணிக் குடுங்க போதும்" என்பார்கள்.

2. காற்றடித்த மறுநாள்

முந்தின ராத்திரி மலையெல்லாம் பேய்க்காற்று. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடித்தது. பூம்பாறைக்கும் அப்பால் இருக்கிற கவுஞ்சி கிராமத்துத் துணை சுகாதார நிலைய நர்ஸ் சகாயமேரி. கடையில் ரெண்டு முறை பார்த்துப் பழக்கம். லேசில் பதறுகிற பெண் இல்லை. அன்றைக்குப் பதறினாள்.

"சபுராக்கா, ஆக்ஸிஜன் மெஷின் பாத்திருக்கீங்களா? வீட்ல வைக்கிறது, கரண்டுல ஓடுறது?"

"கொரோனா நேரத்துல பாத்திருக்கேன் சிஸ்டர். ஏன்?"

"இங்க பாக்கியம்னு ஒரு அம்மா. நுரையீரல் சுருங்கிப்போன கேஸ். மெஷின் இல்லாட்டி மூச்சே கெடையாது. வெள்ளனே வீட்டுக்கு வந்து வெரல்ல கிளிப்ப மாட்டி ஆக்ஸிஜன் பாத்தேன், ரொம்பக் கம்மியா காட்டுது. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு. மெஷின் ஓடுது, ஆனா ஏதோ சரியில்ல. கைவசம் ஒரு சின்ன சிலிண்டர் இருந்துச்சு, அத மாட்டி விட்ருக்கேன். அது ரொம்ப நேரம் வராதுக்கா."

"நூத்தியெட்டுக்கு அடிச்சீங்களா?"

"அடிச்சாச்சு. கொடைக்கானல் வண்டி ஆக்ஸிடென்ட் கேஸ ஏத்திக்கிட்டுக் கீழ போயிருக்கு. வந்தாலும் பூம்பாறைக்கு இங்கிட்டு தைல மரம் ரோட்டுக்குக் குறுக்க விழுந்து கெடக்கு. மெஷின் குடுத்த டிரஸ்ட்டோட இஞ்சினியர் மதுரைல இருக்காரு. நீங்க வெரசா வாங்கக்கா."

இந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குள் ஆக்ஸிஜன் நிரப்பி வைத்திருக்காது. அறையில் இருக்கிற காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே ரெண்டு குழாய்களில் மணல் மணலாக ஒரு சரக்கு இருக்கும். அது காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிஞ்சுகிற ஆக்ஸிஜன் டியூப் வழியாக மூக்குக்குப் போகும். வெளியே போகிற காற்றில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கிறதா என்று ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் சிப்புக்குச் சொல்லும். சிப் சிவப்பு லைட்டைப் போட்டுக் கத்தும். அவ்வளவுதான் அதன் சோலி.

வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார். மீட்டர், சால்டரிங், கைக்குக் கிடைத்த ஸ்பேர் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினேன். பூம்பாறை தாண்டினால் அந்த மரம். ஊர்க்காரர்கள் அரிவாளை வைத்துக்கொண்டு கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். அடிமரத்தை அரிவாளால் வெட்ட முடியாது, மெஷின் ரம்பம் வந்தாக வேண்டும். நான் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். இந்த வயதில் இப்படிக் குதிப்பேன் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

3. சிவப்பு எரிந்தால் கரண்டு இருக்கு

அந்தப் பக்கம் ஜீப்போடு நின்றது பாக்கியத்தின் மகன் பாண்டி. பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வயதுப் பிள்ளை. முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. நான் ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். மன்னவனூர் வளைவுகளில் அவன் ஓட்டின ஓட்டத்துக்கு மற்ற நேரமாக இருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பேன்.

"தம்பி, மெஷின்ல என்ன லைட்டு எரியிது?"

"செவப்புக்கா."

"எப்பருந்து?"

"அது ஒரு வாரத்துக்கு மேல எரியிதுக்கா. பூண்டு எடுக்க ஆரம்பிச்சதுலருந்து."

"ஒரு வாரமா! நீ யார்ட்டயும் சொல்லலயா?"

"செவப்பு எரிஞ்சா கரண்டு இருக்குனுதானக்கா அர்த்தம்? எங்க டி.வி.ல அப்பிடித்தான எரியும்."

இதற்கு அவனைத் திட்ட முடியாது. டி.வி.யில் சிவப்பை அப்படி அர்த்தப்படுத்தி அவனுக்குப் பழக்கிவிட்டது என்னைப் போன்ற ஆட்கள்தான்.

"சரி, கத்தலயா அது? காது கிழியிற மாதிரிக் கத்துமே?"

"மொதல்ல ரெண்டு ராத்திரி கத்துச்சு. அப்புறம் தானா நின்னுருச்சு."

அலாரம் தானாக நிற்காது. அது எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை பொய் சொல்லுகிறான் அல்லது அவனுக்கே தெரியாமல் என்னவோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

4. புகையில் காய்ந்த ஸ்பாஞ்சு

வீட்டுக்குள் நுழைந்ததும் புகை வாடை முகத்தில் அடித்தது. மலைப்பூண்டு விளைவிக்கிற வீடுகளில் அது சகஜம். அடுப்புக்கு மேலே மூங்கில் கழி கட்டி, பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள். புகை பட்டால்தான் பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். அடுப்பு தண்ணீர் ஊற்றி அணைத்துக் கிடந்தது. தரையெல்லாம் சாம்பல் சேறு.

"வந்தவொடனே நான்தான் தண்ணிய ஊத்துனேன்," என்றாள் சகாயமேரி. "அடுப்புக்குப் பக்கத்துல கட்டில், கட்டிலுக்குப் பக்கத்துல ஆக்ஸிஜன் மெஷின்! ஒரு பொறி பட்டிருந்தா வீடே பத்தியிருக்கும்க்கா. முன்னாடி ரூம்புலதான் வச்சுக் குடுத்துட்டுப் போனோம். குளிருதுன்னு இவங்களா அடுப்படிக்கு மாத்தியிருக்காங்க."

பாக்கியத்தை முன் அறைக்கு மாற்றியிருந்தாள். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. சுவரில் சாய்ந்து, ரெண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "வாங்க பாயம்மா... டீ குடிச்சீங்களா" என்றார். குடிச்சாச்சும்மா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு லைட் எரிந்தது, சத்தம் இல்லை. பின்பக்கம் காற்று இழுக்கிற வாயில் ஒரு ஸ்பாஞ்சு பில்டர் இருக்க வேண்டும். இல்லை.

"இதுல இருந்த ஸ்பாஞ்சு எங்க?"

பாண்டி மேலே கையைக் காட்டினான். பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில், அதே கழியில், நூல் போட்டுக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. "கறுத்துப் போச்சுன்னு அலசிக் காயப்போட்ருக்கோம்க்கா. இந்தப் பக்கம் வெயில் எங்க வருது? எங்களுக்குத் துணிமணியே அங்கனதான் காயும்."

இறக்கி மோந்து பார்த்தேன். பூண்டும் புகையும் கலந்த வாடை. ஸ்பாஞ்சு மேலே புகையில் காய்ந்துகொண்டிருக்க, மெஷின் கீழே வாயைத் திறந்துகொண்டு அதே புகையை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கவுஞ்சியைத் தவிர வேறெங்கும் ஒருத்தருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

முன்பக்கம் சத்தம் வருகிற ஓட்டையைத் தேடினேன். துணியை ஈரமாக்கிச் சுருட்டித் திணித்து, மேலே ரெண்டு வரிசை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தேன். மெஷின் வீடே அதிரும்படி கத்த ஆரம்பித்தது.

"தானா நின்னுருச்சுன்னு சொன்னியே, யாருடா இந்த வேலையப் பாத்தது?"

பாண்டி பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருமுறை முன் அறைப் பக்கம் திரும்பினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்க்கா" என்றான்.

நான் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. பெத்தவள் மூச்சுக்குத் தவிக்கும்போது தூக்கம் கேட்டதாடா உனக்கு என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான வாக்கியம்.

5. பச்சை

பெட்டியைக் கழற்றினேன். உள்ளே கரி. கரண்டு சரியாக வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. காற்றை அழுத்துகிற மோட்டார் ஓடியது, பேன் சுற்றியது. போர்டில் எங்கும் கருகலோ ஈரத்தில் பூத்த உப்போ இல்லை. டியூபின் முனையில் கையை வைத்தால் காற்று ஜோராக வந்தது.

பாண்டிக்கு அது போதுமாக இருந்தது. "பாருங்கக்கா, காத்து நல்லாத்தான் வருது. அந்த சிப்புதான் பொய்யாக் கத்துது. சத்தத்த மட்டும் கட் பண்ணிட்டு அம்மாவுக்கு மாட்டி விடுங்க. சிலிண்டர் தீந்துரும்க்கா."

வருகிற காற்றைக் கையால் தொட்டுப் பார்த்து அதில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் சென்சார். ஆனால் அந்த சென்சாருக்குள்ளும் புகை போயிருக்கலாம், அதுவே கெட்டுப்போயிருக்கலாம். அப்படியென்றால் மெஷின் நல்ல மெஷின், பாண்டி சொல்வது சரி. சென்சார் நன்றாக இருந்தால் மெஷின் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. ரெண்டில் எது?

என் போனுக்கு வீட்டுக்கு மேலே கேரட் தோட்டத்து ஓரத்தில் ஏறினால்தான் சிக்னல். ஏறி நின்று இஞ்சினியருக்கு அடித்தேன். நல்ல பையன், சுற்றி வளைக்காமல் பேசினான்.

"மேடம், சென்சாருக்குப் போற சின்ன டியூப கழட்டுங்க. சிலிண்டர் ஆக்ஸிஜன அதுல நேரா விடுங்க. சிவப்பு போய் பச்சை வந்துச்சுன்னா சென்சார் நல்லாருக்கு, மெஷின்தான் போச்சு. உள்ள இருக்கற சரக்கு புகை குடிச்சுட்டா அங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது மேடம். சுத்தமான ஆக்ஸிஜன் போயும் சிவப்பு அப்படியே இருந்தா சென்சார்தான் பொய் சொல்லுது, மெஷின நம்பி மாட்டலாம்."

இருந்தது ஒரே சிலிண்டர். அது பாக்கியத்தின் மூக்கில் இருந்தது.

சகாயமேரியிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டதாக அப்போதுதான் அவளுக்குத் தகவல் வந்திருந்தது. மரம் வரைக்கும் வருவார்கள். ஆனால் மரம் வரைக்கும் போகிறதற்கும் சிலிண்டர் வேண்டும். இங்கே மெஷினுக்காகக் காத்திருந்து சிலிண்டரைத் தீர்த்துவிட்டால் பிறகு கிளம்ப முடியாது. மெஷின் ஓடுமென்றால் இந்த அம்மாவை ஜீப்பில் போட்டுக் குலுக்குவதே ஆபத்து. அவள் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள், பாக்கியத்தின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பார்த்தாள்.

"சீக்கிரம் முடிச்சிருவீங்களாக்கா?"

"எவ்வளவு நேரம் எடுக்கும்னு எனக்கே தெரியாது சிஸ்டர். நீங்க போதும்னா ஒடனே எடுத்துர்றேன்."

பாக்கியத்திடம் அவளே குனிந்து சொன்னாள். "அம்மா, கொஞ்ச நேரம் இத எடுக்கப்போறேன். மெதுவா மூச்சு விடுங்க. நான் கூடவே இருக்கேன்." அந்த அம்மா தலையை ஆட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ.

மெஷினை முன் அறைக்கே இழுத்து வந்து, சென்சார் டியூபைக் கழற்றித் தயாராக வைத்தேன். சகாயமேரி மூக்கிலிருந்து டியூபை எடுத்து என்னிடம் கொடுத்தாள். சொருகினேன். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. சிவப்பு அப்படியே எரிந்தது. கிளிப்பில் நம்பர் இறங்க ஆரம்பித்தது. பாக்கியத்தின் நெஞ்சுக்குழி உள்ளே இழுத்து இழுத்துப் போனது. சிவப்பாகவே இரு, சிவப்பாகவே இரு என்று நான் மனசுக்குள் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சென்சார் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று துஆ கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அக்கா, போதும். போதும்க்கா!"

எடுக்கக் கையை நீட்டினேன். சத்தம் நின்றது. பச்சை எரிந்தது.

"வந்துருச்சு! பச்ச வந்துருச்சு! அம்மா, மெஷின் சரியாயிருச்சும்மா!" என்று பாண்டி கத்தினான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

டியூபைப் பிடுங்கி சகாயமேரியிடம் கொடுத்தேன். அவள் அதைப் பாக்கியத்தின் மூக்கில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"ஓடுமா, ஓடாதாக்கா? ஒரே பதில் சொல்லுங்க."

"ஓடாது. சென்சார் நல்லாருக்கு, சிப்பு உண்மையத்தான் சொல்லியிருக்கு. இப்பவே கெளம்புங்க."

பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். "பச்ச எரிஞ்சுச்சேக்கா! இதுக்கா உங்கள இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன்? கொஞ்ச நேரம் பாருங்கக்கா, எதையாச்சும் மாத்திப் பாருங்க!"

மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அதுதான் தொழில் பழக்கம். இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவோம் என்று கைக்கு ஒரு அரிப்பு இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் அன்றைக்குப் பாக்கியத்தின் சிலிண்டரில் இருந்தது, எனக்குச் சொந்தமில்லை. "ஏலே, வண்டிய எடுடா!" என்று கத்தினேன்.

6. மரம்

பக்கத்து வீட்டு ஆண்கள் பாக்கியத்தை நாற்காலியோடு தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். பின்னால் ஒரு பக்கம் சகாயமேரி, மறுபக்கம் நான். போகும்போது பறந்த பாண்டி இப்போது பள்ளத்துக்குப் பள்ளம் தவழ்ந்தான். மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. முன்னால் இருக்கிற வளைவே தெரியவில்லை.

சிலிண்டரின் முள்ளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சகாயமேரி குமிழைக் கொஞ்சம் குறைப்பாள், கிளிப்பைப் பார்ப்பாள், நம்பர் இறங்கினால் மறுபடி கூட்டுவாள். அந்த அம்மாவின் உயிரை அவள் விரல் நுனியில் அளந்து அளந்து செலவு பண்ணிக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தப் பொறுமை வராது.

மன்னவனூர் தாண்டினபோது முள் சிவப்புக் கோட்டுக்குள் போய்விட்டது. "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று சகாயமேரி கேட்டாள். பாண்டி முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓட்டினான். பாக்கியம் என் தோளில் சாய்ந்திருந்தார். அவர் விரல்கள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்தப் பிடி தளர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மரம் வந்தது. அடிமரம் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் வெறும் மேகம்.

பாண்டி இறங்கி ஓடி மரத்தின் மேல் ஏறி நின்று, "ஆம்புலன்ஸு! ஆம்புலன்ஸு!" என்று கூப்பிட்டான். மறுமொழி இல்லை. சிலிண்டரில் உஸ் என்று வந்துகொண்டிருந்த சத்தம் மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. சகாயமேரி பாக்கியத்தின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "என்னயப் பாருங்கம்மா, என் கூடச் சேந்து மூச்சு விடுங்க" என்று அவளே மூச்சை இழுத்து இழுத்து விட்டுக் காட்டினாள். நானும் கூடச் சேர்ந்து விட்டேன். எதற்கு என்று தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை.

மேகத்துக்குள்ளிருந்து முதலில் வந்தது சைரன், அப்புறம் நீல வெளிச்சம். ஆம்புலன்ஸ் பையன் தோளில் ஒரு சிலிண்டரோடு இறங்கி ஓடிவந்தான். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து அங்கேயே நின்று ரோட்டில் கிளைகளை ஒதுக்கி வழி பண்ணியிருந்தார். பையனை மரத்தின் மேல் தூக்கிவிட்டதும் அவர்தான். சிலிண்டர் கை மாறிக் கை மாறி ஜீப்புக்கு வந்தது. கிளிப்பில் நம்பர் ஏற ஆரம்பித்த பிறகுதான் பாக்கியத்தை ஸ்ட்ரெச்சரில் வைத்து மரத்தைக் கடத்தினார்கள். பாண்டி ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தேம்பினான். வீட்டில் அவனைத் திட்டினது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அந்த பிளாஸ்திரியை நான் மன்னிக்கவில்லை.

7. யார் அடைத்தது

ரெண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். பாக்கியம் எழுந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் நிறம் வந்திருந்தது. பாண்டி இட்லி வாங்க வெளியே போயிருந்தான்.

"பாயம்மா, பயலத் திட்டிப்புட்டீங்களாமே."

"திட்டாம? அவன் பாத்த வேலைக்கு அடிச்சிருக்கணும்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அவன் அடைக்கல. நான்தான் அடச்சேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"அது கத்துச்சுன்னா பய எந்திரிச்சு ஓடியாந்துருவான். பகலெல்லாம் பூண்டு எடுத்துட்டு வந்து செத்த கண்ணசந்திருப்பான். எனக்காக எதுக்கு அது ஊரக் கூட்டணும்னு துணிய வச்சு அடச்சுட்டேன். அவனுக்குத் தெரியாது. நீங்க பிளாஸ்திரியப் பிச்சப்பதான் அவனும் பாத்திருக்கான். நீங்க என்னய வையக் கூடாதுன்னு அவன் மேல போட்டுக்கிட்டான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியாத கோபம். "மூச்சு எப்பருந்து இப்பிடி வாங்குது?" என்று கேட்டேன்.

"அது இருக்கும், பாண்டி பள்ளிக்கூடம் போற காலத்துலருந்து."

"இத்தன வருசமாவா! ஒருத்தர்ட்டயும் சொல்லலயா?"

"சொன்னா அடுப்படிக்குப் போகாதம்பாக. அப்புறம் பூண்டுக்கு யாரு புகை போடுறது?"

சாதாரணமாகத்தான் சொன்னார். இட்லி வந்தது. பாண்டியின் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினேன். மன்னிப்பு கேட்பது எனக்கு அப்படித்தான் வரும்.

டிரஸ்ட் வேறு மெஷின் கொடுத்தது. முன் அறையில் மாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். பாண்டி வீட்டுக்கு வெளியே தகர ஷெட் போட்டு அடுப்பையும் பூண்டையும் அங்கே மாற்றியிருந்தான். இந்த மெஷின்கள் ஆன் பண்ணும்போது சோதனைக்காக ஒருமுறை கத்தும். அது கத்தினதுதான் தாமதம், பாக்கியத்தின் கை தானாக நீண்டு அந்த ஓட்டையைப் பொத்தப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "கத்தட்டும் விடுங்க" என்றேன்.

கடைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறது இதுதான். "சத்தத்தக் கட் பண்ணிக் குடுங்க" என்று ஒருத்தர் வந்தால் கட்டரை எடுக்காதே. அது என்ன சொல்லிக் கத்துகிறது என்று முதலில் பார். பார்த்துவிட்டு, அந்த வீட்டில் யார் சொல்லாமல் இருக்கிறார்கள் என்றும் கேள். உன்னால் முடியாது என்றால் ஒரு நொடிகூட இழுக்காமல் சொல்லிவிடு. மற்றதெல்லாம் சால்டரிங்.

பனிக்காலத்தில் ஒருநாள் மத்தியானம், மண்டிக்காரர் ஒருத்தர் எடை மெஷினோடு என் எதிரில் உட்கார்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாக்கியம்.

"பாயம்மா, சோலியா இருக்கீகளா?"

"சொல்லுங்க. மெஷின் கத்துதா?"

"இல்ல பாயம்மா. மெஷின் பச்சையாத்தான் எரியிது, ஒண்ணும் கத்தல." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்குத்தான் காலைலருந்து நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. சொல்லலாம்னு கூப்புட்டேன்."